குறைந்த விலைப்புள்ளி

இல்லைங்க சார், கோர்ட்டுக்கு இல்ல. மதுரையில தொழிலாளர் துணை ஆணையர் ஆபீஸ் இருக்கு பாருங்க, அங்க போறேன். சாட்சி சொல்லச் சொல்லி சம்மன் வந்திருக்கு. கையில ஃபைலைப் பாத்ததும் வக்கீல்னு நெனச்சுட்டீங்க. நான் இன்ஜினியர், நகராட்சி இன்ஜினியர். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகப் போகுது. எந்த நகராட்சின்னு சொல்லலை, தப்பா எடுத்துக்காதீங்க, கேஸ் நடக்குது. வைகைக்குத் தெக்க ஒரு ஊருன்னு வச்சுக்கோங்க.

நீங்களும் மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு.

சாட்சின்னதும் பயந்துராதீங்க. நான் ஒரு தப்பும் பண்ணலை. விசாரணை அறிக்கையில என்னைப் பத்தி ஒரு வரி கிடையாது. அதை முதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா கதையைக் கேட்டா ஆளுங்க முகம் ஒரு மாதிரி ஆயிருது. ஏன்னு எனக்குப் புரியலை. முழுசாக் கேட்டீங்கன்னா உங்களுக்கே தெரியும்.

எங்க ஊர்ல டெண்டர் எப்படி நடந்துச்சுன்னு தெரியணும் முதல்ல. பேப்பர்ல விளம்பரம் வரும். அதுக்கு முன்னாடியே சேர்மன் வீட்டு மாடியில எல்லாம் முடிஞ்சிருக்கும். ரோடு உனக்கு, சாக்கடை உன் மச்சானுக்கு, தண்ணித் தொட்டி இன்னாருக்குன்னு. நாங்க ஒரு பெட்டி வைப்போம், பூட்டி, அரக்கு வச்சு, ஆபீஸ் வராந்தாவுல. பெட்டிக்கு முன்னாடி நாலு ஆளு நிப்பாங்க. டெண்டர் கவரோட யாராவது வந்தா, 'என்ன விஷயமா வந்தீங்க'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான் சார், அடிக்கக்கூட மாட்டாங்க. அந்தக் கேள்வியிலயே வந்தவங்க திரும்பிப் போயிருவாங்க.

திரும்பாத ஆளு ஒருத்தர் இருந்தாரு. மரியசூசைன்னு பேரு. சின்ன கான்ட்ராக்டர். ஒல்லியா, எப்பவும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில ஒரு அளவு டேப்பு. அவரு கவரை ஒரு தடவை பிடுங்கிக் கிழிச்சாங்க. அப்ப நடந்த இழுபறியில வலது கையில விரல் ஒடிஞ்சுபோச்சு. அடுத்த டெண்டருக்கு கட்டுப் போட்ட கையோட வந்து, இடது கையால கவரைப் பெட்டியில போட்டுட்டுப் போனாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை உண்டு சார். இல்லைன்னு யாரும் சொல்லிர முடியாது.

வேற யாரும் வேண்டாம்னு தள்ளிவிட்ட வேலைதான் அவருக்குக் கிடைக்கும். ஊரு எல்லையில ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம், லாரி போக வழி இல்லாத இடம், அதை அவருதான் கட்டினாரு. புயல் அடிச்ச வருஷம் பள்ளத் தெரு ஜனங்க மொத்தமும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு ஓட்டை ஒழுகல் இல்ல. மழை நின்னதும் சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்து சுவரைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போனாருன்னு வாத்தியாருங்க சொல்லுவாங்க. அப்ப அந்த வேலைக்கு உத்தரவாதக் காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு. வரணும்னு கட்டாயம் இல்ல. வந்தாரு.

அதெல்லாம் நல்லதுதான். ஆனா அதை எந்த ஃபைல்ல எழுதுறது சொல்லுங்க.

அப்புறம் நகராட்சிக்கு ஒரு புதுக் கமிஷனர் வந்தாரு. சின்ன வயசு. என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்க மேல ஒரு பெட்டிஷன்கூட இல்லையே, எப்படின்னு கேட்டாரு. வாங்கினது இல்ல சார்னேன். சிரிச்சாரு. டெண்டரை உங்ககிட்ட விடுறேன், சுத்தம் பண்ணுங்கன்னாரு.

பண்ணினேன் சார். ஆன்லைன் டெண்டர்னு அரசாங்கம் அப்பவே கொண்டுவந்துருச்சு, ஆனா எங்க ஊர்ல அதுக்கும் பாஸ்வேர்டு எல்லாம் சேர்மன் ஆளு ஒருத்தர் கம்ப்யூட்டர் கடையில இருக்கும். எல்லாத்தையும் மாத்தினேன். கவுன்சில் ஹால்ல பெரிய திரை கட்டினேன். விலை திறக்கிற அன்னைக்கு யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம். டீக்கடைக்காரர்கூட வந்து உக்காந்திருக்காரு. தொகையைப் பாத்து மெஷினே வரிசை போட்டுக்கும். குறைஞ்ச விலைப்புள்ளி மேல வரும். அவருக்கு வேலை. இதுல என் கை படாது. கமிஷனர் கை படாது, சேர்மன் கை படாது. யாரும் யாரையும் நம்ப வேண்டாம். அதுதான் என் முறை.

சும்மா நடந்துரலை. என் வீட்டு ஜன்னல்ல கல்லு விழுந்துச்சு. டிரான்ஸ்பர் ஆர்டர் வந்து, கமிஷனர் போராடி ரத்து பண்ணினாரு. என் சம்சாரம் பங்கஜம் கொஞ்ச நாள் கடைக்குப் போகவே பயந்துக்கிட்டு இருந்தா. ஆனா ஒரு நாள்கூட விட்டுருங்கன்னு சொன்னதில்ல. அதைச் சொல்லணும்.

அந்த சமயத்துல மரியசூசை எங்க வீட்டுக்கு வந்தாரு. ஒரு பை நிறைய கொய்யாப்பழம். அவரு வீட்டு மரத்துல காய்ச்சது. இனிமே நாங்களும் பயமில்லாம டெண்டர் போடலாம் சார்னு கண்ணு கலங்கிட்டாரு. நான் பழத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க, ஒப்பந்ததாரர்கிட்ட நான் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்னேன். அவரு புரிஞ்சுக்கிட்டாரு. பங்கஜத்துக்குத்தான் மனசு கேக்கலை. வாசல் வரைக்கும் போய், பிள்ளைங்க எத்தனை, என்ன படிக்குதுன்னு கேட்டுக்கிட்டு நின்னா. அவளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஆனா நடந்தது என்ன தெரியுமா. பயமில்லாம டெண்டர் போட்டாரு மரியசூசை. போட்டுப் போட்டுத் தோத்தாரு. கதவைத் திறந்துவிட்டதும் வெளி மாவட்டத்துக் கம்பெனி எல்லாம் வந்துருச்சு. நாங்க போட்ட மதிப்பீட்டுல பத்து சதம் குறைச்சுப் போடுவான் ஒருத்தன், இன்னொருத்தன் பதினஞ்சு குறைப்பான். இவரு ரெண்டு மூணுக்கு மேல குறைக்க மாட்டாரு. அதுக்குக் கீழ போனா கட்டடம் நிக்காது சார்னு சொல்லுவாரு. நான் என்ன பண்ண முடியும். நகராட்சிக்கு எவ்வளவு மிச்சம்னு பேப்பர்ல வந்துச்சு. என் போட்டோ போட்டிருந்தாங்க. நாலு நகராட்சியிலருந்து எப்படி செஞ்சீங்கன்னு கேட்டு போன்.

மறு வருஷம் சென்னையிலருந்து ஒரு குழு வந்துச்சு, கட்டட வேலைக்கு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கிற முறையை இன்னும் திருத்தலாமான்னு கருத்து கேக்க. எங்க ஹால்லதான் கூட்டம். அதிகாரிங்க, கான்ட்ராக்டருங்க எல்லாரும் இருந்தாங்க. மரியசூசை பின்வரிசையில எந்திரிச்சாரு. அவருக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல, மைக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே பேசினாரு.

விலையை மட்டும் பாக்காதீங்கன்னாரு. டெண்டர் போடுற ஒவ்வொருத்தனும் முன்னாடி கட்டின கட்டடத்துல நாலைஞ்சைப் போய்ப் பாருங்க, ஒழுகுதான்னு பாருங்க, அங்க வேலை பாக்கிறவங்களைக் கேளுங்க, கூலி ஒழுங்காக் கொடுத்தானான்னு கொத்தனாருங்களைக் கேளுங்க. அதுக்குப் பாதி மார்க்கு, விலைக்குப் பாதி மார்க்கு போட்டு ஆளை எடுங்கன்னாரு.

குழுத் தலைவர் என்னைப் பாத்தாரு. நான் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மார்க்கு யாரு போடுவாங்க?"

"உங்களை மாதிரி இன்ஜினியருங்கதான் சார்."

"அப்ப அந்த மார்க்குக்கு ஒரு ரேட்டு வந்துரும்."

ஹாலே சிரிச்சுச்சு சார். கை தட்டினாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டாரு. அப்புறம் டீ குடிக்கிற இடத்துல என் பக்கத்துல வந்து, நீங்க போட்டா ரேட்டு வராதே சார்னு மெதுவாச் சொன்னாரு. நான் என்னைக்கும் இருக்க மாட்டேனேன்னேன். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு யாரும் எனக்குப் பதில் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க பாப்போம். மனுஷன் கண்ணால பாத்து முடிவு பண்ணினா, அந்தக் கண்ணை விலைக்கு வாங்கிரலாம். நம்பரை வாங்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புது வார்டு கட்ட டெண்டர் விட்டோம். பழைய வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பேரைப் படுக்க வைக்கிற நிலைமை. ஊரே எதிர்பாத்துக்கிட்டு இருந்த வேலை. திரையில விலை வந்துச்சு. ஒரு கம்பெனி, வெளி மாவட்டம், மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு குறைச்சுப் போட்டிருக்கான். மரியசூசை திரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

இவ்வளவு குறைச்சா எப்படிச் செய்வீங்கன்னு விளக்கம் கேக்கணும்னு விதி இருக்கு. கேட்டேன். கூடுதல் டெபாசிட் வாங்கணும்னு விதி. வாங்கினேன். எங்ககிட்ட சொந்த மெஷின் இருக்கு, சொந்த ஆளுங்க இருக்காங்கன்னு விளக்கம் எழுதிக் கொடுத்தாங்க. இதுக்கு மேல நான் என்ன கேக்க.

ரெண்டு நாள் கழிச்சு மரியசூசை என் ரூம் வாசல் பெஞ்சுல வந்து உக்காந்தாரு. டெண்டர் முடிவாகிற வரைக்கும் போட்டி போட்டவங்களைத் தனியாப் பாக்கிறதில்லன்னு நான் போர்டே எழுதி வச்சிருக்கேன். அதனால கூப்பிடலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளிய வந்தப்ப எந்திரிச்சாரு. வராந்தாவுல நாலு பேரு நடமாடுற இடம்தான், அதனால நின்னேன்.

"சார், எனக்கு வேலை வேண்டாம். வேற யாருக்காச்சும் குடுங்க. அந்தத் தொகைக்குக் கம்பியும் சிமென்ட்டும்தான் வாங்கலாம். மத்ததெல்லாம் எதுல குறைப்பான்னு யோசிச்சுப் பாருங்க."

"எழுதிக் கொடுங்க."

"எழுதிக் கொடுத்தா, தோத்தவன் வயித்தெரிச்சல்ல எழுதுறான்னு சொல்லுவாங்க சார்."

"தெரியுதுல்ல," அப்படின்னுட்டு நான் போயிட்டேன். அதுக்கு மேல நின்னு பேசினா பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க.

வேலை ஆரம்பிச்சுது. அஸ்திவாரமெல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ஒரு நாள் சைட்டுக்குப் போறேன், அங்க மரியசூசை நிக்கிறாரு. அழுக்குச் சட்டை. எனக்கு முதல்ல அடையாளமே தெரியலை. இங்க என்ன பண்றீங்கன்னேன். கம்பெனிக்காரங்க கூலி வேலையை எங்கிட்ட விட்டிருக்காங்க சார்னாரு. சென்ட்ரிங் அடிக்கிறது, கம்பி கட்டுறது, கான்கிரீட் போடுறது எல்லாம். அவரோட கான்கிரீட் மிக்சர் மெஷினை வித்தாச்சாம். ஆனா இருபது வருஷமாக் கூட இருக்கிற கொத்தனாரும் சித்தாளும் இருக்காங்களே, அவங்களுக்கு ஏதாவது வேலை வேணுமேன்னாரு.

சொந்த ஆளுங்கன்னு எழுதிக் கொடுத்தாங்களே, இதுதான் அந்த ஆளுங்க.

நான் சும்மா விடலை சார். அனுமதி இல்லாம உள்குத்தகை விடக் கூடாது. அன்னைக்கே கம்பெனிக்கு மெமோ போட்டேன். உள்குத்தகை எதுவும் விடலை, சைட்டுல இருக்கிறவங்க எல்லாம் எங்க ஆட்களேன்னு பதில் வந்துச்சு. கையெழுத்து, சீல் எல்லாம் இருந்துச்சு. ஃபைல் பண்ணினேன். அந்த விஷயம் அதோட முடிஞ்சுது. மரியசூசையைத் தொரத்தலையேன்னு நீங்க கேக்கலாம். எப்படித் தொரத்துறது? அவரு அங்க இல்லைன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்துருச்சே.

கூரை கான்கிரீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ப் பாத்தேன். ரெண்டு நாளா விட்டு விட்டுத் தூறல். கம்பியெல்லாம் சரியாக் கட்டியிருந்தாங்க, அதுல குறை சொல்ல முடியாது, மரியசூசை கட்டினது. நான் இறங்கி ஜீப்புக்கிட்ட வர்றப்ப பின்னாடியே வந்தாரு.

"கூரையைத் தாங்குற முட்டுக்கு இரும்பு ஜாக்கி கேட்டிருந்தேன் சார். சவுக்குக் கம்பு அனுப்பியிருக்காங்க, அதுலயும் பாதி ஒட்டுப்போட்டது. கீழ நிரப்பின மண்ணு ஊறிக் கெடக்கு. நாளைக்குப் போட வேண்டாம்னு ஒரு வரி எழுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க எழுதினா நிறுத்தித்தான் ஆகணும்."

நான் சொன்னேன், கோபமா இல்ல சார், நிலைமையை விளக்கித்தான் சொன்னேன். "நீங்க எந்த முறையில எங்கிட்ட சொல்றீங்க? ரெக்கார்டுபடி நீங்க இந்த சைட்டுலயே இல்ல."

தூறல் விழுந்துக்கிட்டு இருக்கு. அப்புறம் சொன்னாரு, "நிக்கிறேனே சார்."

நான் ஜீப்புல ஏறிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. தோத்துப்போன ஒரு ஆளு பேச்சைக் கேட்டு, ஜெயிச்சவன் வேலையை நான் நிறுத்தினா என்ன ஆகும். மறுநாளே கோர்ட்டுக்குப் போவான். இன்ஜினியருக்கும் மரியசூசைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பான். இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு ஒரே நாள்ல போயிரும். அதோட முட்டுங்களைப் பாத்துக் கையெழுத்துப் போட வேண்டியது உதவிப் பொறியாளர். அவரு பாத்துப் போட்டுட்டாரு. நான் முட்டுங்களைப் பாத்தேனான்னு கேட்டா, பாத்தேன். ரெண்டு மூணு கொஞ்சம் சாய்வாத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா கண்ணை நம்பி முடிவு பண்ணக் கூடாதுங்கிறதுக்காகத்தானே நான் இந்த முறையையே கொண்டுவந்தேன்.

அன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கும் வந்தாரு மரியசூசை. நான் உள்ள இருந்தேன். இல்லைன்னு சொல்லிருன்னு பங்கஜத்துக்கிட்ட சைகை காட்டினேன். அவ அப்படிச் சொல்லலை. உள்ளதான் இருக்காரு, வர மாட்டேங்கிறாருன்னே சொல்லிட்டா. அவளுக்குப் பொய் வராது. வாசல்லயே நின்னு அவளுக்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. முட்டு, மண்ணு எல்லாம். அவளுக்கு என்ன புரிஞ்சுச்சோ. பயமா இருந்தா நீங்க நாளைக்குப் போகாதீங்களேண்ணேன்னு சொல்லியிருக்கா. நான் போகலைன்னா வேற எவனையாவது வச்சுப் போட்டுருவாங்கம்மா, மேல நிக்கிறது எங்க ஆளுங்க, கீழ ஒருத்தன் நின்னு ஆப்பை இறுக்கிக்கிட்டே இருக்கணும்னாராம். குடை வேணுமான்னு கேட்டாளாம், வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு.

உள்ள வந்து என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நீங்க ஒரு வரி எழுதக் கூடாதான்னு கேட்டா. உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னேன். அது உண்மைதானே. அவளுக்கு டெண்டர் தெரியாது.

மறுநாள் நான் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல இருந்தேன். அங்கதான் போன் வந்துச்சு.

கூரையில முக்கால்வாசி கான்கிரீட் போட்டாச்சு. மேல சித்தாளுப் பொம்பளைங்க சட்டி மாத்திக்கிட்டு நிக்கிறாங்க. கீழ மரியசூசையும் கம்பெனி ஆளு ஒருத்தரும், ஒடிசாக்காரரு, ரெண்டு பேரும் முட்டு முட்டாப் பாத்து ஆப்படிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு ஓரத்துல முட்டு மண்ணுக்குள்ள இறங்கிருச்சு. மரியசூசை பாத்துட்டாரு. மேல இருக்கிறவங்க எல்லாம் சாரத்து வழியா இறங்குங்கன்னு கத்தியிருக்காரு. அவங்க இறங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் காயம் இல்ல. அவரு வெளிய ஓடி வந்திருக்கலாம், வாசலுக்குப் பக்கத்துலதான் நின்னாருன்னு சித்தாளுங்க சொல்றாங்க. மேல கடைசி ஆளு இறங்கிற வரைக்கும் அந்த முட்டுக் கம்பைத் தோள் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தாருன்னும் சொல்றாங்க. அதெல்லாம் எந்த அளவுக்கு உண்மைன்னு எனக்குத் தெரியாது. அவ்வளவு கான்கிரீட்டைத் தோளால தாங்க முடியாது. அது கணக்குத் தெரிஞ்ச யாருக்கும் தெரியும்.

நான் போறப்ப, கூரை விழுந்து கெடந்த இடத்துலருந்து அவரு உடம்பை எடுத்துட்டாங்க. ஒடிசாக்காரரை இன்னும் எடுக்கலை. மரியசூசை முகத்துல சிமென்ட்டுப் பாலு காய்ஞ்சுபோய், வெள்ளையா... விடுங்க சார். அதை ஏன் இப்ப.

விசாரணை வச்சாங்க. மேல இருந்து ஆளுங்க வந்து டெண்டர் ஃபைலைத் தாளுக்குத் தாள் பாத்தாங்க. ஒரு குறை கண்டுபிடிக்க முடியலை. இப்படி ஒரு ஃபைலைப் பாத்ததில்லைன்னு ஒரு அதிகாரி எங்கிட்டயே சொன்னாரு. உதவிப் பொறியாளரை சஸ்பெண்ட் பண்ணினாங்க. கம்பெனியைக் கறுப்புப் பட்டியல்ல போட்டாங்க. மிச்ச வேலைக்கு மறு டெண்டர். நான் ரிட்டயர் ஆகிறதுக்கு முன்னாடி கடைசியாத் திறந்த டெண்டர் அதுதான். குறைஞ்ச விலைப்புள்ளி யாரு தெரியுமா. புதுக் கம்பெனி, பழைய முதலாளியோட மைத்துனர் பேர்ல. மேனேஜரும் அதே ஆளுதான், இளங்குமரன்னு ஒருத்தரு. எனக்குத் தெரியாதா? ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனா பேரு வேற, பதிவு வேற. மெஷின் எடுத்துக்குது. நான் எந்தக் காரணத்தை எழுதி வேண்டாம்கிறது? வார்டு இப்ப ஓடுது. போன மழையில ஒழுகுச்சுன்னு கேள்விப்பட்டேன். பிள்ளை பெத்தவங்க கட்டிலுக்கு மேல தார்ப்பாய் கட்டியிருக்காங்களாம்.

ஒடிசாக்காரர் குடும்பத்துக்கு நஷ்டஈடு போயிருச்சு. அவரு பேரு கம்பெனி ஆளுங்க பதிவுல இருந்துச்சு. மரியசூசை பேரு இல்ல. அந்த ஆளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல, அத்துமீறி சைட்டுக்குள்ள வந்துட்டாருன்னு கம்பெனி சொல்லுது. நகராட்சியும் அதைத்தான் சொல்லியாகணும், ஃபைல்ல அப்படித்தானே இருக்கு. அவரு சம்சாரம் லூர்துமேரி கேஸ் போட்டிருக்கு. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. மூத்தது படிப்பை நிறுத்திட்டு ஜவுளிக்கடைக்குப் போகுதுன்னு பங்கஜம் சொன்னா.

சித்தாளுங்க சாட்சி சொல்ல வந்தாங்க. ஆனா அவங்க பேரும் பதிவுல இல்லையே. அதனால லூர்துமேரியே ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அழலை. சத்தம் போடலை. பங்கஜம் காப்பி கொடுத்தா, குடிச்சுது. அப்புறம் எங்கிட்ட, "ஐயா, நீங்க வேற எதுவும் சொல்ல வேண்டாம். அவரை அங்க பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்"னுச்சு.

நான் பொறுமையா விளக்கினேன். பாத்தேன்னு சொன்னா, பாத்துட்டு ஏன் நடவடிக்கை எடுக்கலைன்னு கேப்பாங்க. எடுத்தேன், மெமோ போட்டேன், உள்குத்தகை இல்லைன்னு பதில் வந்துச்சு, அதை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப இருந்தாருன்னு சொன்னா என் கையெழுத்தே பொய்யின்னு ஆயிரும். ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா மொத்த டெண்டரையும் சந்தேகப்படுவாங்க. நான் உயிரைக் கொடுத்துக் கட்டின முறை சார் அது. பழையபடி சேர்மன் வீட்டு மாடிக்குப் போயிரும் எல்லாம். ஒரு குடும்பத்துக்காக அதைச் செய்ய முடியுமா.

அந்தம்மா கேட்டுக்கிட்டு இருந்துச்சு. சரிங்கய்யான்னு எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் வக்கீல் வச்சு எனக்கு சம்மன் அனுப்பினது.

நேத்து அந்த இளங்குமரன் போன் பண்ணினாரு. சார், கார் அனுப்புறேன், ஏசி கார், வீட்டு வாசல்லயே ஏறிக்கலாம்னாரு. வச்சுருங்க போனைன்னேன். சாட்சி சொல்லப் போறவன் ஒரு தரப்பு கார்ல ஏறலாமா. அதான் என் சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து, இதோ உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். அவங்க எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நான் யாருக்காகவும் பேசப் போறதில்ல. பதிவேட்டுப்படி மரியசூசைங்கிறவர் பணியில இல்லை, உள்குத்தகைக்கு அனுமதி கொடுக்கப்படலை. அவ்வளவுதான். ரெண்டும் உண்மை.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டைப் பாருங்க. ஊதாச் சேலை கட்டியிருக்கிறதுதான் லூர்துமேரி. பக்கத்துல நரைச்ச தலை, மடியில துணிப்பை வச்சிருக்கிறது என் சம்சாரம்.

ஆமா சார், பங்கஜம்தான்.

அவளையும் சாட்சியாச் சேத்திருக்காங்களாம். எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய வர்றேன், இவ சேலை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறா. பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் வந்தோம். நீ என்ன சொல்லப் போறேன்னு கேட்டேன்.

"அந்த அண்ணன் நம்ம வாசல்ல வந்து நின்னதைச் சொல்லப் போறேன். அவரு சொன்னதைச் சொல்லப் போறேன். நீங்க உள்ள இருந்தீங்கங்கிறதையும் சொல்லப் போறேன்."

அடுத்தவர் சொல்லிக் கேட்டதெல்லாம் சாட்சியா நிக்காதுன்னு விளக்கினேன். நீ இன்ஜினியர் இல்ல, உனக்கு அந்த சைட்டைப் பத்தி எதுவும் தெரியாதுன்னேன். ஆட்டோக்காரருக்கு அவளே காசு கொடுத்துட்டு, நேராப் போய் அந்தம்மா பக்கத்துல உக்காந்துட்டா. முப்பத்தி ரெண்டு வருஷத்துல அவ எனக்கு எதிராப் பேசினதில்ல சார். இப்பவும் எதிராப் பேசறதா அவ நெனைக்கலைன்னுதான் தோணுது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு போல. முன்வாசல்ல ரெண்டு பேரும் இறங்குறாங்க. பையை அந்தம்மா வாங்கிக்குது. நீங்க போங்க சார், உங்களுக்கு நேரமாகும். அவங்க கொஞ்ச தூரம் போகட்டும், அப்புறம் நான் இறங்கிக்கிறேன்.